மாட்டில் வந்தவள்

வாசல் விளக்கு அன்று சிகுசாவைக் கண்டு எரியவில்லை.

ஆள் நடமாட்டம் பட்டால் தானாக எரிகிற விளக்கு அது. நுமாசாதோவின் அந்தத் தெருவில் எல்லாம் ஒரே அச்சு வீடுகள், ஒரே அச்சு விளக்குகள். டோக்கியோவிலிருந்து சாயங்கால ரயில்கள் வந்து ஆட்களைக் கொட்ட ஆரம்பித்ததும் ஒவ்வொரு வாசலாகப் பளிச்சென்று எரிந்து, இன்னார் வீட்டுக்காரர் வந்தாயிற்று என்று தெருவுக்கே தண்டோரா போட்டுவிடும். பூனை போனாலும் எரியும், கொடியில் துணி ஆடினாலும் எரியும். சிகுசா ஒரு கையில் காய்கறிப் பையும் மறு கையில் சாவியுமாக நின்று தலையை ஆட்டிப் பார்த்தாள், கையை வீசிப் பார்த்தாள், தெருவில் யாரும் இல்லை என்று தெரிந்துகொண்டு ஒரு குதி குதித்தும் பார்த்தாள். ம்ஹூம். பல்பு போய்விட்டதாக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டே மங்கலில் துவாரத்தைத் தடவிக் கதவைத் திறந்தாள். உள்ளே போய்ச் செருப்பைக் கழற்றும்போது ஒரு அந்துப்பூச்சி பறந்து வந்து வாசலில் வட்டமடித்தது. அதற்கு விளக்கு எரிந்தது.

அத்தோடு அவள் அதை மறந்திருப்பாள். ஆனால் சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்து அரிசி களைந்துகொண்டிருந்தபோது, வெளியே காது கிழியக் கத்திக்கொண்டிருந்த சில்வண்டுகள் எல்லாம் சொல்லிவைத்தாற்போல் வாயை மூடின. வீடுகள் முடிந்து நெல்வயல் தொடங்குகிற பக்கத்திலிருந்து, வயலுக்கும் அப்பால் கோயிலின் கல்லறைத் தோட்டம் இருக்கிற திசையிலிருந்து, தேங்கிய தண்ணீரின் வாடையும் நேற்றைய ஊதுவத்தியின் வாடையும் கலந்து ஒரு காற்று வந்தது. அதோடு ஒரு சத்தமும் வந்தது. குச்சியால் தரையைத் தட்டுவது போல டொக், டொக், டொக். அப்புறம் ஈரமாக ஓர் இழுப்பு. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. கைக்குள் அரிசி ஊறுவதையும் மறந்து அவள் நின்றாள். மறுபடி டொக், டொக், டொக். இழுப்பு. தூரத்தில்தான் இருந்தது. ஆனால் இந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தது.

முந்தின நாள்தான் ஒபோன் பண்டிகை முடிந்திருந்தது.

சிகுசா கெட்டவள் இல்லை. பொறாமைக்காரி, அவ்வளவுதான், அதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு என்று அவள் தரப்பில் சொல்லத்தான் வேண்டும். உயிரோடு இருக்கிற சக்களத்தி என்றால் தெருவில் நிறுத்தி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கலாம். அவளுக்கும் நரைக்கும், அவளுக்கும் இடுப்பு பெருக்கும். சிகுசாவின் கணவன் கியோதகாவின் முதல் மனைவி சயோகோவோ நோயில் செத்துப்போய், பாய்த்தரை அறையில் இருக்கிற கறுப்பு முன்னோர் மாடத்துக்குள் படமாக உட்கார்ந்திருந்தாள். வயது ஏறவில்லை, சிரிப்பு மாறவில்லை. சிகுசா வாழ்க்கைப்பட்டு வந்த மூன்று வருஷமாக, காலையில் குக்கரைத் திறந்ததும் முதல் கரண்டிச் சோறு அவளுக்குத்தான். கியோதகாவே தன் கையால் சின்னப் பித்தளைக் கிண்ணத்தில் குவித்து, மாடத்தின் முன்னால் வைத்து, மணியைத் தட்டிக் கைகூப்பி, "சாப்பிடு" என்பான். அந்த ஒரு வார்த்தையில் இருந்த குழைவு சிகுசாவுக்கு ஒரு நாளும் கிடைத்ததில்லை. அவளுக்குக் கிடைத்ததெல்லாம் "குடை எங்க?"வும் "இன்னைக்கு லேட்டாகும்"மும்தான். ரயிலுக்குக் கிளம்பும்போதும் "போயிட்டு வரேன்" முதலில் மாடத்துக்கு, பிறகுதான் இவளுக்கு.

அவன் சைக்கிள் தெருமுனையில் திரும்பியதும் சிகுசா செய்கிற முதல் வேலை, பாய்த்தரை அறைக்குப் போய் மாடத்தின் இரட்டைக் கதவை மூடுவது. முதலில் இடது கதவு, அப்புறம் வலது. உள்ளே சோற்றில் ஆவி பறந்துகொண்டிருக்கும். இருட்டில் கிடந்து தின்னட்டும். சாயங்காலம் அவன் வருவதற்குள் மறுபடி திறந்து வைத்துவிடுவாள். செத்தவளோடு போட்டி போடுகிறவள் பைத்தியக்காரி என்று ஊர் சொல்லும். ஊருக்கென்ன, அது அந்த வீட்டில் தினமும் இரண்டாம் கரண்டிச் சோறு சாப்பிடவில்லையே.

ஒபோனில் செத்தவர்கள் வீட்டுக்கு வருவார்கள். வாசலில் சணல்குச்சியைக் கொளுத்தி அவர்களை அழைக்கவேண்டும். கடைசி நாள் சாயங்காலம் மறுபடி கொளுத்தி அனுப்பிவைக்கவேண்டும். ஏறி வருவதற்கு, வெள்ளரிக்காயில் குச்சிக் கால்களைச் செருகி ஒரு குதிரை. திரும்பிப் போகக் கத்தரிக்காயில் ஒரு மாடு. வரும்போது பறந்து வரட்டும், போகும்போது ஆற அமரப் போகட்டும் என்பது கணக்கு. வருஷா வருஷம் இரண்டையும் கியோதகாதான் செய்வான். இந்த வருஷம் அலுவலகத்தில் வேலை கழுத்தை நெரித்தது.

"சிகுசா, குதிரையும் மாடும் நீ பண்ணி வச்சுடறியா?" என்று காலணியை மாட்டிக்கொண்டே கேட்டான். "வெள்ளரிக்கா கொஞ்சம் நீளமா, வளைஞ்சதா பாத்து எடு. நல்லா ஓடணும்."

"அப்படி என்னங்க அவசரம் அவங்களுக்கு?"

"வருஷத்துக்கு ஒரு தடவைதானே வரா" என்றான் அவன், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பும் இவளுக்கானது இல்லை.

விபரீதமான அந்த யோசனையை அவள் தலையில் போட்டவள் தொகிவா, அதுவும் விளையாட்டுக்கு. தொகிவா பக்கத்து வீட்டுக்காரி. ஸ்டேஷன் எதிரிலுள்ள சூப்பர் மார்க்கெட்டில் பொரித்த பண்டங்கள் விற்கிற இடத்தில் நிற்பவள். எண்ணெயும் நிற்காது, வாயும் நிற்காது. சிகுசாவின் கூடையில் வெள்ளரிக்காயையும் கத்தரிக்காயையும் பார்த்துவிட்டு, கையிலிருந்த இடுக்கியை ஆட்டி ஆட்டிப் பேசினாள்.

"எங்க மாமியாருக்கு மட்டும் ஒரு வருஷமாவது மாத்தி வச்சுப் பாக்கணும்டி. வரதுக்கு மாடு, போறதுக்குக் குதிரை. அது அசைஞ்சு அசைஞ்சு வந்து சேரறதுக்குள்ள பாதிப் பண்டிகை போயிடும். வந்ததும் வராததுமா, ஏறுங்க அத்தை குதிரைல, நேரமாச்சுன்னு பத்திவிட்டுடலாம்."

"வாய் இருக்கே உங்களுக்கு" என்று சிகுசா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சைக்கிளில் வரும் வழியெல்லாம் சிரித்தாள். வீட்டுக்கு வந்து கத்தரிக்காயைக் கையில் எடுத்தபோது சிரிக்கவில்லை.

மாட்டை மாடத்தின் முன்னால், வீட்டுக்குள் வருகிற மாதிரி உள்நோக்கி வைத்தாள். குதிரையை வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். செருகும்போது மாட்டின் பின்னங்கால் குச்சி உடைந்து குட்டையாகப் போயிற்று. மாற்றியிருக்கலாம். நொண்டட்டும் என்று விட்டுவிட்டாள். கியோதகா களைத்து வந்து கைகூப்பினானே தவிர, எது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனிக்கவில்லை.

பண்டிகை நாட்களில் அவன் மாடத்தின் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தான். "என்னவோ இந்தத் தடவை வீடே வெறிச்சுன்னு இருக்கு" என்றான். "அவ வந்த மாதிரியே தோணல." சிகுசா அவன் கிண்ணத்தில் சூப்பை ஊற்றிக்கொண்டே, "அப்படியா?" என்றாள். உள்ளுக்குள் பட்டாசு வெடித்தது. அன்று, இந்த வீட்டுக்கு வந்த பிறகு முதன்முறையாக, அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

கடைசி நாள் சாயங்காலம் இடிமழையில் ரயில் எங்கோ நடுவழியில் நின்றுவிட்டது. கியோதகா வந்து சேரவில்லை. மழை விட்டதும் சிகுசா தனியாகவே மண்தட்டில் சணல்குச்சியை அடுக்கிக் கொளுத்தினாள். குதிரையைத் தெருவைப் பார்க்க நிறுத்தி, "ம், கெளம்பு" என்றாள். அனுப்பும் நெருப்பைத் தாண்டினால் வருஷம் முழுக்க உடம்புக்கு ஒன்றும் வராது என்பார்கள். தெருவில் எல்லோரும் தாண்டிக்கொண்டிருந்தார்கள். அவளும் வீட்டுப் பக்கத்திலிருந்து தெருப்பக்கமாக ஒரே எட்டில் தாண்டினாள். கால் தரையில் பட்டபோது, ரயில் கிளம்பும் நேரத்தில் நிற்பவர்கள் தள்ளாடுவது போல உடம்பு ஒரு கணம் பின்னால் போய் வந்தது. மழையில் தரை வழுக்கிற்று என்று நினைத்துக்கொண்டாள். காலையில் குதிரையையும் மாட்டையும் வயலோரக் கால்வாயில் வீசிவிட்டு வந்தாள்.

அன்று சாயங்காலம்தான் வாசல் விளக்கு அவளுக்கு எரியாமல் போனது.

மறுநாளும் அந்தச் சத்தம் வந்தது. ஊர் ஒலிபெருக்கியில் பிள்ளைகளை வீட்டுக்குப் போகச் சொல்லும் ஆறு மணி மெட்டு முடிந்து, கடைசிச் சுரம் வயலுக்கு மேல் இழுபட்டு அடங்கிய பிறகு, அதே டொக், டொக், டொக், அதே இழுப்பு. இப்போது வயலின் நடுவரப்பில். எதிர்வீட்டுப் பெண் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சிகுசா ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, தொலைக்காட்சியை வைத்து, குழாயையும் திறந்துவிட்டாள். எல்லாச் சத்தத்துக்கும் அடியில் அது மட்டும் தனியாகக் கேட்டது. மூன்று தட்டு, ஓர் இழுப்பு. எந்தப் பிராணி அப்படி நடக்கும் என்று யோசித்தாள். நாலு காலில் மூன்று கால் சரியாக ஊன்றி, ஒன்று மட்டும் குட்டையாக இருந்தால்.

கையிலிருந்த கிண்ணம் தொட்டியில் விழுந்து உருண்டது.

கியோதகா அன்று வழக்கத்துக்கு முந்தின ரயிலிலேயே வந்துவிட்டான். "வந்துட்டேன்!" என்று கதவைத் திறந்தபோது அவன் குரலில் ஒரு துள்ளல். சிகுசா முன்னறைக்கு ஓடிப்போய், "வாங்க, வாங்க" என்றாள். அவன் அவளைத் தாண்டி உள்ளே பார்த்தான்.

"சிகுசா? வீட்லதான் இருக்கியா?"

"இங்கதாங்க நிக்கறேன். கண்ணு தெரியலையா?"

"ஓ" என்றான், தூக்கத்தில் எழுப்பியவன் போல. பிறகு ஏதோ மெட்டை முணுமுணுத்துக்கொண்டே சட்டையைக் கழற்றினான். மூன்று வருஷத்தில் அவன் முணுமுணுத்து அவள் கேட்டதில்லை.

"என்ன, ஒரே குஷியா இருக்கீங்க?"

"தெரியல. யாரோ வரப்போற மாதிரி இருக்கு. சின்ன வயசுல ஊர்லேர்ந்து யாராவது வராங்கன்னா இருக்குமே, அந்த மாதிரி."

சிகுசாவுக்குப் பயம் முதலில் வரவில்லை. வயிறுதான் முதலில் எரிந்தது. இன்னும் வந்தே சேரவில்லை, அதற்குள் மெட்டா? பயம் பிறகுதான் வந்தது, அவன் மேசையில் உட்கார்ந்து தன் கிண்ணத்தைத் தானே நிரப்பிக்கொண்டு, அவளுக்கு எடுத்து வைக்க மறந்தபோது. மறந்தான் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் சாயங்காலம் அவள் சூப்பர் மார்க்கெட்டுக்கு ஓடினாள். தானே திறக்கும் கண்ணாடிக் கதவு திறக்கவில்லை. அதன் முன்னால் நின்று நின்று பார்த்துவிட்டு, பின்னால் வந்த ஒரு கிழவருக்குத் திறந்தபோது அவரோடு ஒட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். தொகிவா எண்ணெயில் எதையோ புரட்டிக்கொண்டிருந்தாள். சிகுசா கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள். கண்ணாடித் தடுப்பைத் தட்டிய பிறகுதான் தொகிவா திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"அடிப்பாவி! எப்ப வந்தே? பேய் மாதிரி நிக்கறியே."

"அக்கா, ஒண்ணு கேக்கணும். அன்னைக்குச் சொன்னீங்களே, மாட்டையும் குதிரையையும் மாத்தி வைக்கறது. நெஜமாவே யாராவது மாத்தி வச்சிருக்காங்களா?"

"எவளாவது வைப்பாளா? நான் சும்மா மாமியார் மேல இருக்கற கடுப்புல சொன்னது."

"வச்சா என்ன ஆகும்?"

தொகிவா இடுக்கியைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் சிகுசாவையே பார்த்தாள். பார்வை குவிய மறுப்பது போலக் கண்ணைச் சுருக்கிக்கொண்டாள்.

"மாடு என்ன வேகத்துல வரும்? வழியிலயே பண்டிகை முடிஞ்சு போச்சுன்னு வை. நெருப்பெல்லாம் அணைச்சப்புறம் வந்து நிப்பா. அப்புறம் எதுல அனுப்புவே? அடுத்த வருஷம் வரைக்கும் அவ இங்கதான்." குரலைத் தாழ்த்தினாள். "அதைவிடு. கடைசி நாள் குதிரையைத் தெருவைப் பாக்க நிறுத்தி நெருப்பு போட்டிருப்பியே. அது காலியா கெளம்பாதுடி. யாரையாவது ஏத்திக்கிட்டுத்தான் போகும். வீட்ல வந்தவங்களே யாரும் இல்லைன்னா, அன்னைக்கு அது யாரை..."

பாதி வாக்கியத்தில் தொகிவாவின் கண்கள் சிகுசாவின் தோளைத் தாண்டிப் போயின. முகம் மலர்ந்தது. "வாங்க வாங்க, இப்பதான் சூடா போட்டேன்" என்றாள், பின்னால் வந்த ஒருத்தியிடம். சிகுசா நின்ற இடத்திலேயே நின்றாள். வந்தவள் அவள் நிற்கிற இடத்தில் வந்து நிற்க முயன்று, காரணம் தெரியாமல் சற்றுச் சிலிர்த்து, கையைத் தேய்த்துக்கொண்டாள்.

"அக்கா" என்றாள் சிகுசா. "தொகிவா அக்கா!"

"காரம் வேணுமா, வேணாமா?" என்று தொகிவா அந்தப் பெண்ணைக் கேட்டாள்.

ஒபோன் சாமான்கள் வைத்திருந்த தட்டில் இப்போது இலையுதிர்காலத்து நிலாப் பண்டிகை அலங்காரங்கள் இருந்தன. சணல்குச்சி ஒரு கட்டுகூட இல்லை. சிகுசா ஒரு வெள்ளரிக்காயை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பணம் கேட்க யாரும் அவளை நிறுத்தவில்லை. தெருமுனையில் கால்வாயை எட்டிப் பார்த்தாள். வீசிய குதிரை அங்கே இல்லை. மாடும் இல்லை. கரையின் சேற்றில், வயலிலிருந்து தெருவை நோக்கி, பென்சிலால் குத்தியது போலச் சின்னச் சின்னக் குழிகள் வரிசையாகப் போயின. மூன்று குழி. ஒரு கீறல். மூன்று குழி. ஒரு கீறல். பக்கத்திலேயே, தண்ணீர் நிரம்பிய பாதச் சுவடுகள். பெண்ணின் பாதங்கள்.

வீட்டுக்கு ஓடி, சமையலறையிலிருந்த சாப்பாட்டுக் குச்சிகளை எல்லாம் அள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். இன்னொரு குதிரை, இன்னொரு நெருப்பு. வந்தவுடனே ஏற்றி அனுப்பிவிட்டால் போதும். இந்த வீடு சிகுசாவுடையது. மூன்று வருஷம் துடைத்துப் பெருக்கிய வீடு. கியோதகா அவளுடையவன், அவன் அவளைச் சரியாகப் பார்த்ததே இல்லை என்றாலும் அவளுடையவன். வெள்ளரிக்காயில் கால்களைச் செருகினாள். நிற்கவில்லை. மறுபடி செருகினாள். சரிந்தது. ஒலிபெருக்கி ஆறு மணி மெட்டை ஆரம்பித்தது. மண்தட்டில் குச்சிகளை அடுக்கி நெருப்புக்குச்சியைக் கிழித்தாள். எரிந்தது. வைத்தாள், அணைந்தது. கிழித்தாள், வைத்தாள், அணைந்தது. கடைசிக் குச்சியின் சுடர் விரல்வரை வந்தது. சுடவில்லை. விரலைச் சுடருக்குள்ளேயே வைத்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை.

மெட்டு அடங்கியது. சில்வண்டுகள் நின்றன.

டொக். டொக். டொக்.

தெருமுனை வீட்டின் வாசல் விளக்கு எரிந்தது. அங்கே யாரும் இல்லை.

இழுப்பு.

அடுத்த வீட்டு விளக்கு எரிந்தது. முதல் விளக்கு அணைந்தது. சாயங்கால வெளிச்சம் இன்னும் முழுசாகப் போகவில்லை. தெரு நன்றாகவே தெரிந்தது. வெறும் தெரு. மழையில்லாமலே நனைந்த தார். ஊதுவத்தி வாடை. அழுகத் தொடங்கிய கத்தரிக்காயின் வாடை.

மூன்றாவது வாசல் எரிந்தது. பிறகு நான்காவது. அவசரமே இல்லை. தொகிவாவின் வாசலில் வெகுநேரம் எரிந்தது, மூச்சு வாங்கிக்கொள்வது போல.

"போயிடு" என்றாள் சிகுசா. "பண்டிகை முடிஞ்சு போச்சு. போயிடு."



அவள் தலைக்கு மேல், அவள் வீட்டு விளக்கு எரிந்தது.

அவளுக்கு எரியாத விளக்கு. படியில் ஏதோ நின்றது. சுருங்கிக் கறுத்த ஒரு கத்தரிக்காய். நாலு குச்சிக்கால், ஒன்று குட்டை. காலெல்லாம் சேறு. வீட்டைப் பார்த்து நின்றது. அதன் பக்கத்திலிருந்து ஈரப் பாதங்கள் படியேறி, கதவுவரை போய், கதவுக்கு உள்ளேயும் போயிருந்தன. உள்ளே முன்னறையில் ஒரு ஜோடிச் செருப்பை யாரோ பதவிசாகத் திருப்பி, முனை வாசலைப் பார்க்க வைக்கும் சத்தம் கேட்டது. சிகுசா ஒரு நாளும் அப்படித் திருப்பி வைத்ததில்லை.

சைக்கிள் மணி அடித்தது. கியோதகா. முந்தின ரயிலுக்கும் முந்தின ரயிலில் வந்திருந்தான். முகமெல்லாம் வேர்வை, முகமெல்லாம் சிரிப்பு.

"என்னங்க! உள்ள போகாதீங்க! என்னங்க!"

அவன் சைக்கிளை நிறுத்தினான். அவள் கை அவன் சட்டையைப் பிடித்தது. அவன் முழங்கையைச் சொறிந்துகொண்டான். கதவைத் திறந்தான்.

"வந்துட்டேன்."

"வாங்க, வாங்க" என்றது உள்ளிருந்து ஒரு குரல். "களைச்சுப் போயிருப்பீங்க."

அவன் ஆச்சரியப்படவே இல்லை. தினமும் கேட்கிற குரல் போலக் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். பூசணிக்காய் வேகும் வாசனை வந்தது. சிகுசா பூசணிக்காய் சமைத்ததே இல்லை. கதவு சாத்திக்கொண்டது. விளக்கு அணைந்தது. அவள் இரண்டு கையாலும் கதவை அறைந்தாள். சத்தம் எழவில்லை.

எப்படி உள்ளே போனாள் என்று அவளுக்குத் தெரியாது. விடிந்தபோது பாய்த்தரை அறையில் இருந்தாள். வெயில் சாய்வாக விழுந்திருந்தது. சில்வண்டுகள் கத்தின. அறை கொஞ்சம் உயரத்திலிருந்து, நாலு பக்கமும் கறுப்புச் சட்டம் போட்டது போலத் தெரிந்தது. திரும்ப முடியவில்லை. முகத்தில் சிரிப்பு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது; அதைக் கலைக்கவும் முடியவில்லை.

சமையலறையில் குக்கர் திறக்கும் சத்தம். கியோதகா வந்தான். வேலைக்குப் போகும் சட்டை, சீவின தலை. கையில் அந்தப் பித்தளைக் கிண்ணம், குவித்த சோறு, ஆவி. அவள் முன்னால் மண்டியிட்டு வைத்தான். மணியைத் தட்டினான். கைகூப்பி, நேராக அவள் முகத்தைப் பார்த்தான், கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூடப் பார்த்திராத விதமாக.

"சாப்பிடு, சிகுசா."

அந்தக் குழைவு. மூன்று வருஷம் அவள் காத்திருந்த அதே குழைவு. முதல் கரண்டிச் சோறு.

"போயிட்டு வரேன்" என்றான் அவளிடம். எழுந்து சமையலறைப் பக்கம் திரும்பி, இன்னொரு தடவை, "போயிட்டு வரேன்" என்றான், வேறு யாரிடமோ.

அந்த வாசலில் ஒருத்தி கை துடைத்துக்கொண்டு நின்றிருந்தாள். ஈரத் தலை, நெற்றியில் ஒட்டிய வைக்கோல். அவள் அவனைப் பார்க்கவில்லை. ஆவி பறக்கும் கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு சிகுசாவைப் பார்த்தாள். அந்தப் பார்வை சிகுசாவுக்குத் தெரியும். தினமும் காலையில் இதே அறையில் தானே அந்தப் படத்தைப் பார்த்த பார்வை அது.

சைக்கிள் கிளம்பியது. தெருமுனையில் திரும்பியது. சத்தம் தேய்ந்தது.

அவள் ஈரக் கால்களோடு பாயில் நடந்து வந்தாள். குனிந்தாள். மூச்சில் கால்வாய் வாடை.

முதலில் இடது கதவை மூடினாள்.

அப்புறம் வலது.